உங்கள் முதுகுக்கு எழுதுவது

கார்த்திகை பதினொன்று, வியாழக்கிழமை. இன்று எனக்கு வயது எழுபதும் ஐந்து மாதமும் ஒன்பது நாளும்.

முதுகில் தட்டியே நான் கூப்பிட்டுப் பழகிய அன்பானவருக்கு,

இந்த ஒரு வரியை எழுத வெகுநேரம் பிடித்தது. இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்தும் உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'அத்தான்' என்று அழைப்பதற்கு நீங்கள் என் அத்தை மகன் இல்லை. 'என்னங்க' என்பதோ பால்காரரையும் அழைக்கும் சொல். உங்கள் சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த எனக்கு உங்கள் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டு என்றால் நிறுத்துங்கள். இரண்டு தட்டு என்றால் மெதுவாகப் போங்கள். நாளடைவில் வீட்டுக்குள்ளும் அதுவே வழக்கமாயிற்று.

ஆகவே இந்தத் தாளின்மேல் ஒருமுறை தட்டிவிட்டுத் தொடங்குகிறேன். திரும்ப வேண்டாம். சாலையைப் பார்த்தபடியே கேளுங்கள்.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உங்கள் படம் போட்டு நான் சுவரொட்டி அடிக்கவில்லை. 'இமயம் சரிந்தது' என்று எதுகை மோனையோடு எழுதித் தருவதாக அச்சகத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை நாள் முழுக்க எண்ணிய ஒரு மனிதரை இமயமாக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சரியவும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனீர்கள். உங்கள் இயல்புப்படி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல்.

இப்போது செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை நான் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினேன். உங்கள் சைக்கிளில். மழையில். சேற்றில்.

சிரிக்காதீர்கள். கடற்கரைச் சாலையில் எனக்குச் சைக்கிள் கற்றுத்தர நீங்கள் பட்ட பாட்டை நானும் மறக்கவில்லை. மூன்று முறை விழுந்தேன். மூன்றாம் முறை என்னைத் தூக்கிவிட்டு, "ஒனக்கு இந்த சென்மத்துல பேலன்ஸ் வராதுளா" என்று தீர்ப்பு எழுதினீர்கள். அதன் பிறகு கேரியரே என் இடம் என்றாயிற்று.

நீங்கள் போன பின் உங்கள் சைக்கிள் வீட்டு நடையில் சுவரோடு சாய்ந்து நின்றது. இரண்டு சக்கரத்திலும் காற்று இறங்கிவிட்டது. அதைக் கடந்துதான் நான் அடுக்களைக்குப் போகவேண்டும். போகும்போதெல்லாம் ஹேண்டில்பார் என் முழங்கையில் இடிக்கும். ஒருநாள் விடியலில் காற்றடித்து, கடற்கரைச் சாலைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அந்த வாரமே மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போனேன். தெரு அதிசயித்தது. எதிர்வீட்டுப் பிலோமினா, ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறாளே, அவள் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசுவே! இந்த வயசுல மூணு நாள்ல சைக்கிள் படிச்ச ஒரே பொம்பள எங்க அக்காதான்!" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தாள். நான் மறுத்துப் பேசவில்லை.

அவள்தான், தானும் ஓட்டும் ஊர்ச் சைக்கிள் சங்கத்துக்கு என்னை இழுத்துப் போனவள். மருத்துவர்கள், துறைமுகப் பொறியாளர்கள், எடை குறைப்பவர்கள் என்று கலவையான கூட்டம். தார்ச்சாலை தவிர்த்து, மண் பாதையிலும் சரளிலும் நூறு கிலோமீட்டர் போகும் ஓட்டம் ஒன்றை நடத்துவதாக அறிவித்தார்கள். அதற்குப் பெயர் 'கிராவல் ரைடு'. சரள் என்ற நம் ஊர்ச் சொல்லைச் சொன்னால் யாரும் பதிவு செய்யமாட்டார்கள் போலும். உப்பளம், கொற்கை, ஆற்றங்கரை, தேரிக்காடு, காயல்பட்டினம், மறுபடி உப்பளம் என்று ஒரு வட்டம். முடியாதவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். இருட்டுவதற்குள் வந்து சேரவேண்டும்.

இந்தச் செய்தியைச் சென்னையிலிருக்கும் நம் மகளிடம் சொன்னவள் பிலோமினா. உமா உடனே தொலைபேசியில் வந்தாள்.

"எம்மா, அங்கன தனியா விழுந்து கெடந்தா யாரு பாப்பா?"

"விழுந்தவதான் பாப்பா."

"வெளையாடாதீய. இங்க ஒங்களுக்குன்னு ஒரு ரூம் போட்டு வச்சிருக்கேன். ஏசி இருக்கு."

"ஏசியில வைக்க நான் என்ன ஏத்துமதி எறாலா?"

அவள் சிரிக்கவில்லை. இரண்டு ஆண்டாக இதே பேச்சு. வீட்டைப் பூட்டிவிட்டு வா, வாடகைக்கு விடலாம், வயதான காலத்தில் வீம்பு எதற்கு. அவள் கேட்பதில் தவறில்லை. அதுதான் எனக்குத் தொல்லை. தவறாகக் கேட்பவர்களை மறுப்பது எளிது.

"சரி, ஒண்ணு சொல்லுதேன்," என்றாள். "அந்த நூறு கிலோமீட்டரையும் வேன்ல ஏறாம ஓட்டி, இருட்டுறதுக்குள்ள வந்து சேருங்க. அப்புறம் நான் சென்னைன்னு வாயத் தெறக்க மாட்டேன். ஏறிட்டியன்னா, தை மாசம் வீட்டப் பூட்டிட்டு என்கூட வாரீய."

"சத்தியமா?"

"அப்பா மேல சத்தியம்."

"செத்தவர் மேல செஞ்ச சத்தியம் செல்லாதுளா. வேற ஆளப் பாரு."

"அப்ப ஒங்க மேலயே சத்தியம்."

ஆக, நம் வீடு பந்தயத்தில் வைக்கப்பட்டது. நீங்கள் மாமரம் வைத்துப் பட்டுப்போய், மறுபடி வைத்துப் பட்டுப்போய், மூன்றாவதாக முருங்கை வைத்துப் பிழைத்த வீடு.

சைக்கிள் கடை அண்ணாச்சி என் உயரத்துக்கு உங்கள் சீட்டை அடிவரை இறக்கினார். துருப்பிடித்த போல்ட்டை அவர் முறுக்கிய முறுக்கில் எனக்கே பல் கூசியது. தாங்குமா என்றேன். "ஒங்க வெயிட்டுக்கு காலத்துக்கும் தாங்கும் டீச்சர்" என்றார். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள், டீச்சர் இல்லை என்று அவருக்கு நாற்பது ஆண்டாகச் சொல்லிப் பயனில்லை. பாரம் குறையக் கேரியரைக் கழற்றிவிடலாமா என்றும் கேட்டார். அதை மட்டும் தொடக்கூடாது என்றேன். உமா வாங்கித் தந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். பையில் இரண்டு வாழைப்பழமும், பழைய தோசைக்கரண்டியும். தோசைக்கரண்டி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். பொறுங்கள் என்றேன்.

ஞாயிறு விடியலில் தூறிக்கொண்டிருந்தது. உமா முந்தின நாளே ரயிலில் வந்து, நடுவர் தோரணையில் வேனின் முன்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் புருவம் அவளுக்கு. நெரித்தால் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது.

உப்பளத்துக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பாத்திகள் எல்லாம் நிறைந்து, வரப்பும் மறைந்து, கண்ணுக்கெட்டியவரை நீர். ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள் மட்டும் ஆளில்லாத வீடுகள் போல வரிசையாக நின்றன. வானம் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மண் பாதை. அதன்மேல் என் சக்கரம். தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு கிழவி என்னோடு ஓட்டிக்கொண்டு வந்தாள். அவள் சக்கரமும் என் சக்கரமும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டன. அவள் எந்த ஊருக்குப் போகிறாள் என்று ஒரு கணம் யோசித்தேன். அங்கே நீங்கள் இருக்கிறீர்களா?

அந்த யோசனையைச் சேறு கலைத்தது. சோடியம் ஏறிய களிமண் மழையில் குழம்பாகும் என்று எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் புகுந்தால் சைக்கிள் மாடு மாதிரி நின்றுவிடும். விலையுயர்ந்த தடித்த டயர்கள் எனக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்றன. கண் மருத்துவர் ஒருவர் விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கி, தோசைக்கரண்டியை எடுத்து, கருகின தோசையை வழிப்பது போல வழித்தேன்.

"அக்கா, அத இங்கன தாங்க," என்றாள் பிலோமினா.

"ஒனக்கு முன்னால டாக்டர் நிக்காரு."

"டாக்டருக்கு என்ன அவசரம்? நாளைக்கும் கண்ணு இருக்கும். எனக்கு நாளைக்கு ஏலம் இருக்கு!"

கரண்டி வரிசையாகக் கைமாறிப் போய்த் திரும்பி வந்தது. பிறகு, உப்பு மண்ணிலும் பிழைக்கும் உமரிச்செடி முளைத்திருந்த ஓரமாக உருட்டி நடந்தோம். உமரி வேரோடியிருந்த இடத்தில் மட்டும் மண் காலைப் பிடிக்கவில்லை.

கொற்கையில் தேநீர். கடலே தெரியாத அந்த வயற்காட்டில் நின்றுகொண்டு, இதுதான் ஒருகாலத்தில் முத்துத் துறைமுகம் என்று பிலோமினாவுக்குச் சொன்னேன். "அப்ப கடலு எங்க போச்சு?" என்றாள். எழுந்து போய்விட்டது என்றேன். கடைக்காரர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "ஆச்சி, இந்த மழையில எங்கன போறிய? மழைக்குப் பயந்து மாடே தொழுவ விட்டு வரல." மாட்டுக்கு மகள் கிடையாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. கூடுதலாக ஒரு வடை கொடுத்தார்.

அங்கிருந்து ஏரல் போகும் வழியில்தான் அது நடந்தது. பிலோமினா முன்னே போய்விட்டாள். மழை திரைச்சீலை போல விழுந்தது. அந்தத் திரைக்குள், கூப்பிடு தூரத்தில், காக்கி மழைக்கோட்டு போட்ட ஒரு முதுகு. இடது தோள் சற்றே இறங்கி. மிதிக்கும்போது தலை மட்டும் இலேசாக ஆடும். அந்த முதுகு எனக்குத் தெரியும். காலையும் மாலையும், கல்லூரி வாசல்வரை, மழையில், வெயிலில், உமா வயிற்றிலிருந்தபோது, உமா மடியிலிருந்தபோது, நான் பார்த்துக்கொண்டு வந்த முதுகு.

நான் அறிவியல் படித்தவள். அது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பின்னால் போனேன். அது வேகம் குறைத்தால் நானும் குறைத்தேன். பள்ளத்தை அது சுற்றினால் நானும் சுற்றினேன். இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. இலையில் மழை விழும் ஓசை, யாரோ விடாமல் பேசிக்கொண்டு போவது போல இருந்தது. சொற்கள் மட்டும் பிடிபடவில்லை. அப்படியே போய்க்கொண்டேயிருந்தால் என்ன? எந்த ஊரும் வராமல்? கை நீட்டினால் தட்டலாம் என்ற தூரத்துக்கு வந்துவிட்டேன்.

முதுகு திரும்பியது. முகத்தில் நரைத்த மீசை. கேரியரில் முட்டைத் தட்டுகள்.

"என்னம்மா, அப்போ புடிச்சி எம் பொறத்தாலயே வாரீய? முட்டை வேணுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் சிரித்தேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

ஏரலுக்கு அப்பால் ஆற்றங்கரைப் பாதை. அது நான் பிறந்த பக்கம். தாமிரபரணி செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. கரை வழுக்கியது, இளைஞர்கள் இருவர் நாணலுக்குள் போய் விழுந்து எழுந்தார்கள். நான் விழவில்லை. எங்கே திரும்பவேண்டும், எங்கே மிதிக்காமல் உருளவிட வேண்டும் என்று அந்தக் கரை என் காலுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் பக்கம். தேரிக்காடு. சிவந்த மணல் மேடுகளைப் பார்த்ததும் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். போன கோடையில் பயிற்சிக்கு வந்து, மணலில் அச்சுவரை புதைந்தவர்கள். நான் நிற்கவில்லை. "மழையின்னா தேரிக்குப் போ, வெயிலுன்னா உப்பளத்துக்குப் போ. மாத்திப் போனா நீ சைக்கிள்ல ஏறமாட்ட, சைக்கிள் ஒன் மேல ஏறும்." இதை நீங்கள் எனக்குச் சொன்னது பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு மாலையில். காய்ந்த தேரி ஆளை விழுங்கும். நனைந்த தேரி தரை. அன்று அது தரையாக இருந்தது. சிவப்புக் கம்பளம் விரித்தது போல என்று எழுதத் தோன்றுகிறது, எழுதமாட்டேன். ஈரச் செங்கல் மேல் ஓட்டுவது போல இருந்தது. அதுதான் உண்மை.

மழை சற்று விட்டது. பனைகள் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை. சக்கரத்தின் கீழ் மணல் நெரிபடும் மெல்லிய ஓசை மட்டும். அந்த அமைதிக்குள் உங்கள் பேச்சு எனக்குக் கேட்டது. நினைவிலிருந்துதான், வேறெங்கிருந்தும் இல்லை.

வீட்டில் நீங்கள் பேசிய மொத்தம் எனக்கு மனப்பாடம். உப்பு. தண்ணி. கதவு. உமா வந்தாச்சா. எதிரே முகம் இருந்தால் உங்களுக்கு நா எழாது. திருமணப் படத்தில்கூட நீங்கள் புகைப்படக்காரரின் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆனால் சைக்கிளில் ஏறி, கண்ணைச் சாலையில் வைத்துவிட்டால்! கோதுமைக் கப்பலில் வந்த சமையற்காரர் முருங்கைக்கீரை கேட்டு இறங்கியதும், கிரேனின் கொக்கியில் காக்கை கூடு கட்டியதும், அதைக் கலைக்க மனமில்லாமல் எல்லோரும் அடுத்த கிரேனில் வேலை பார்த்ததும், உமா பிறந்த அன்று மருத்துவமனைக்கு வெளியே நின்று நீங்கள் எதையெல்லாம் வேண்டிக்கொண்டீர்கள் என்பதும், எல்லாம் நான் உங்கள் முதுகிலிருந்து கேட்டவை. உங்கள் முகத்திலிருந்து அல்ல. ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் பெட்ரோல் நாற்றம் ஆகாது என்று நான் தடுத்தேனே, நினைவிருக்கிறதா? எனக்குப் பெட்ரோல் வாசனை பிடிக்கும்.

காயல்பட்டினத்தின் குறுகிய தெருக்களில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. அங்கே ஒரு வீட்டு வாசலில் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் கொடுத்தார்கள். அங்கேயே பிலோமினாவின் செயின் அறுந்தது. வேனில் ஏறினாள். ஏறும்போது, "அக்கா, எனக்கும் சேத்து ஓட்டிருங்க" என்றாள். வேன் கல்லூரிப் பேருந்து போல நிரம்பியிருந்தது. கண் மருத்துவர் துண்டைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உமா கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

வடக்கே திரும்பியதும் வாடைக்காற்று நேர் முகத்தில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மிதித்தேன். தொடை வலித்தது. மிதித்தேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மழைக்குள் தெரிந்தன, மறைந்தன, தெரிந்தன. நெருங்கவேயில்லை.

கடைசி உப்பளப் பாதையில், புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில், காலத்துக்கும் தாங்கும் என்ற போல்ட் முறிந்தது. சீட்டு என்னைச் சேற்றில் உட்காரவைத்துவிட்டுத் தனியே உருண்டு போனது. எழுந்து பார்த்தேன். எலும்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சைக்கிளில் சீட்டு இருந்த இடத்தில் ஒரு கூர்மையான குழாய். அதன்மேல் உட்காருவதை விடச் சென்னைக்குப் போகலாம்.

வேன் வந்து பக்கத்தில் நின்றது. உமா கதவைத் திறந்தாள். அவள் குரலில் வெற்றி இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"போதும்மா. ஏறுங்க. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

"பெருசு சிறுசு பேசல நாம. ஏறுனா வீடு போச்சு. அதானே பேச்சு?"

"உருட்டிட்டு நடந்தா இருட்டிரும். மண்ணு நிக்க விடாது. எப்படிப் போவீய?"

நல்ல கேள்வி. நான் சீட்டை எடுத்து, துப்பட்டாவால் கேரியரில் இறுக்கிக் கட்டினேன். பாருங்கள், கேரியர் எதற்கு என்று கேட்டவருக்குப் பதில். பிறகு சைக்கிளின் இடப்பக்கம் நின்று, இடது காலைப் பெடலில் வைத்து, இரண்டு எட்டு தத்தி, வலது காலைச் சைக்கிளின் நடுக்கம்பிக்கு அடியில் நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலைப் பிடித்தேன். அரைப் பெடல். உயரம் எட்டாத பிள்ளைகள் அப்பாவின் சைக்கிளை ஓட்டும் முறை. உடம்பு ஒருபக்கம், சைக்கிள் ஒருபக்கம், நடுவில் நியாயம். நாலேமுக்கால் அடி உயரத்தைக் கடவுள் எனக்குக் கொடுத்தது இதற்குத்தான் என்று அன்று விளங்கியது.

வேனுக்குள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். பிறகு பிலோமினா கத்தினாள். "சேசுவே! ஏ உமா, ஒங்கம்மா எங்கன போறாவன்னு பாரு! இது சின்னப் பிள்ளையில படிச்சாத்தான் வரும்!"

வேன் என் வேகத்துக்கு ஊர்ந்து வந்தது. உமா சன்னலில் தலையை நீட்டி, நனைந்துகொண்டே கேட்டாள்.

"எம்மா, இத எப்ப படிச்சிய?"

"அப்பாட்ட மொதல்ல சொல்லணும். அப்புறமா ஒனக்கு."

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சன்னலையும் மூடவில்லை.

முடிவிடத்தில் நிறுத்தியிருந்த வளைவை வாடைக்காற்று பிய்த்துப்போட்டுவிட்டது. துணியைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இருட்டிவிட்டதா, இல்லையா? பகலென்று சொன்னால் பகல், இரவென்று சொன்னால் இரவு என்கிற அந்த நேரம். மாலை நேரங்கூடச் சில சமயம் மனிதரின் வாயைப் பார்த்து நிற்கும்.

உமா வேனிலிருந்து குதித்து எனக்கு முன்னால் ஓடினாள். செருப்பைக் கழற்றி, அதன் நுனியால் சேற்றில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். என் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி. மழைநீர் உடனே அதில் நிறைந்தது.

"இதான் கோடு," என்றாள். "இன்னும் வெளிச்சம் இருக்கு."

நான் கடந்தேன். இறங்கத் தெரியாமல் அவள்மேல் சாய்ந்தேன். அவள் முகத்தில் வழிந்தது மழைதான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். மறுநாள் ரயிலில் ஏறுமுன், அந்த ஏசி அறையைத் தன் கணவர் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அதுவும் உங்கள் பக்கம்தான்.

சீட்டுக்குப் புதுப் போல்ட் போட்டாயிற்று. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கேரியரை நான் கழற்றமாட்டேன். இனி மழையோ வெயிலோ, தேரிக்கோ உப்பளத்துக்கோ, அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற வழியில் நான் ஓட்டுவேன். நீங்கள் பின்னால் உட்காருங்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் நான் கேட்டேன். இனிப் பேசும் முறை என்னுடையது. முருங்கை எப்படிக் காய்த்தது, எந்தக் கப்பல் வந்தது, உமா என்ன சொன்னாள், எல்லாம் சாலையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வருவேன். நிறுத்தவேண்டுமென்றால் முதுகில் ஒரு தட்டு.

இப்போது உமா கேட்ட கேள்விக்குப் பதில். இந்தக் கடிதத்தைச் சங்கத்தின் மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள், அச்சில் வரும்போது அவளும் படிப்பாள். முதலில் உங்களுக்கு.

எனக்குப் பத்து வயதிலிருந்தே சைக்கிள் ஓட்டத் தெரியும். என் அப்பா பகலில் தூங்கும் நேரமெல்லாம் அவருடைய சைக்கிள் என் கையில். அந்த ஆற்றங்கரையில், மழைச்சேற்றில், அரைப் பெடலில் தொடங்கி, கால் எட்டியதும் முழுப் பெடலில் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். கடற்கரைச் சாலையில் நான் விழுந்த மூன்றும் பார்த்துப் பார்த்து விழுந்தவை. மணல் இருந்த பக்கமாக.

திருமணம் முடிந்த முதல் வாரம் நீங்கள் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. ஊமைக்கு வாழ்க்கைப்பட்டோமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, காற்று வாங்கலாம் என்று என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு பழைய துறைமுகம் வரை போனீர்கள். தெரு முனை திரும்பியதும் பேசத் தொடங்கினீர்கள். போகும் வழியெல்லாம் பேசினீர்கள், வரும் வழியெல்லாம் பேசினீர்கள். உங்கள் முதுகு அதிர்ந்தது என் தோளில் தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்: "ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா? தெரியும்னா சொல்லு, ஒண்ணு வாங்கித் தாரேன்."

தெரியாது என்றேன்.

அத்தனை தூரமும் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டு வந்தவள்,
உங்கள் மனைவி,
கோமதி